ஜஸ்டின் மோரில் பண்ணை இல்லம், ஸ்ட்ராஃபோர்ட், வெர்மான்ட்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் வடகிழக்கில், வெர்மான்ட் மாநிலத்துக் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்ட்ராஃபோர்ட் என்னும் சிற்றூரில், வெளிர்சிவப்பு வண்ணம் பூசிய 17 அறைகள் கொண்ட மரவீடு ஒன்று மாநில அரசின் வரலாற்றுச் சின்னமாகப் பேணப்படுகிறது. கடைக்காரராகத் தொழிலைத் தொடங்கி, 38 வயதில் வணிகத்தை விட்டு உழவராக மாறி, அதன்பின் நாட்டின் சட்டமன்றமான காங்கிரஸுக்குச் சென்று ஏறத்தாழ 44 ஆண்டுகள் அங்கே அமர்ந்திருந்த ஜஸ்டின் ஸ்மித் மோரில் தாமே வரைந்து கட்டிக்கொண்ட வீடு அது. அமெரிக்காவில் படித்த அல்லது படிக்கப்போகும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்த இடத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பர்டூ, கார்னெல், டெக்சஸ் ஏ அண்ட் எம், பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், எம்.ஐ.டி. என்று நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் பெயர்கள் அத்தனையும் இந்த வீட்டுக்காரர் கொண்டுவந்த ஒரே சட்டத்தின், அதாவது கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்குப் பொதுநிலம் கொடுத்த 1862-இன் நிலக்கொடைச் சட்டத்தின், பயனைப் பெற்று வளர்ந்தவை. அப்படியிருந்தும் நம்மவர்கள் அந்த வளாகங்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே தவிர, இங்கே வருவது மிக அரிது.

வீட்டைப் பார்ப்பதற்கு முன் மனிதரைப் பற்றிச் சிறிது தெரிந்துகொண்டு போவது நல்லது. மோரில் 1810 ஏப்ரல் 14 அன்று இதே ஊரில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். 15 வயதோடு பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. கல்லூரிக்கு அனுப்பக் குடும்பத்தில் வசதி இல்லை. ஊர்க் கடையொன்றில் எழுத்தராகச் சேர்ந்தார், பின்னர் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்ட் துறைமுக நகரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார், 1831-இல் ஊருக்குத் திரும்பி, நீதிபதி என்று ஊரார் அழைத்த ஜெடடையா ஹாரிஸ் என்னும் மூத்த வணிகரோடு கூட்டுச் சேர்ந்தார். துணி, சர்க்கரை, ஆணி, தேயிலை என்று எல்லாம் விற்ற கடை அது. காசு கையில் இல்லாத மலைநாட்டு உழவர்கள் விளைபொருளைக் கொடுத்துச் சரக்கு வாங்கிய காலத்தில், கடைக்காரரின் கணக்குப் புத்தகம்தான் ஊரின் வங்கியாக இருந்தது. எந்தக் குடும்பத்தின் வயல் தேய்கிறது, யாருடைய மந்தை குறைகிறது, எவர் அடுத்த இளவேனிலில் நிலத்தை விற்றுவிட்டு மேற்கே வண்டி கட்டப்போகிறார் என்பது கடை நடத்துபவருக்கு முதலில் தெரிந்துவிடும். மோரிலின் பிற்கால அரசியலுக்கு விதை அந்தக் கல்லாப்பெட்டியின் அருகில்தான் விழுந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

1848-இல் அவர் வணிகத்திலிருந்து விலகினார். பெரும் செல்வர் ஆகிவிடவில்லை. கடன் இல்லாமல், முதலீடுகளின் வருவாயில் அமைதியாக வாழும் அளவுக்குச் சேர்த்திருந்தார். அந்த ஆண்டே வீட்டுக்கு அடித்தளம் போட்டு, 1851-இல் முடித்து, அதே ஆண்டில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ரூத் ஸ்வானை மணந்து குடியேறினார்.

வீட்டின் வெளித்தோற்றம் பார்ப்பவரை முதலில் வியக்கவைக்கும். சுற்றிலும் வெள்ளைப் பலகை வீடுகளும், குன்றின்மேல் 1799-இல் கட்டப்பட்ட வெண்ணிறப் பொதுமன்றமும் நிற்கும் ஊரில், இது ஒன்று மட்டும் கூரிய முகடுகளும் மரத்தில் செதுக்கிய சரிகை போன்ற விளிம்பு வேலைப்பாடுகளுமாக நிற்கிறது. கோதிக் மறுமலர்ச்சி என்று அழைக்கப்படும் இந்தப் பாணியை அந்நாளில் அமெரிக்க நாட்டுப்புறத்தில் பரப்பியவர் ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங் என்னும் தோட்டக்கலை அறிஞர். கட்டடக் கலை பயிலாத மோரில் அந்தக் கருத்துகளைப் படித்து உள்வாங்கிக்கொண்டு, கல்லூரி வாசலை மிதிக்காத ஒருவர் சொந்த முயற்சியில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குச் சான்றாக இந்த வீட்டை எழுப்பியிருக்கிறார். மரத்தைக் கல்போலத் தோன்றச் செய்வதற்காகவே அந்த வெளிர்சிவப்பு நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

உள்ளே குடும்பத்தினர் பயன்படுத்திய பொருள்கள் பெரும்பகுதி அப்படியே இருக்கின்றன. வரவேற்பறையின் இருக்கைகளும் உணவறையும் அழகானவை. அக்கால மேல்நடுத்தர வாழ்வைக் காட்டுபவை. அவற்றின்மேல் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. அத்தகைய அறைகளை நியூ இங்கிலாந்து எனப்படும் இந்த வடகிழக்குப் பகுதியில் வேறு பல ஊர்களிலும் காணலாம். நூலறையில் மட்டும் நின்று பார்க்க வேண்டும். பள்ளியை 15 வயதில் விட்ட ஒரு மனிதர் தம் கல்வியைத் தாமே தேடிக்கொண்ட இடம் அது. தமக்குக் கிடைக்காத கல்லூரிப் படிப்பை உழவர் மகனுக்கும் கொல்லர் மகனுக்கும் சட்டத்தால் வாங்கிக் கொடுத்தவர், படிப்பின் மேல் எத்தகைய தாகத்தோடு வாழ்ந்தார் என்பதை அந்த அறை உணர்த்துகிறது.

வழிகாட்டியோடு செல்லும் பார்வை வீட்டுக்குள் நடக்கிறது. தோட்டத்தையும் பண்ணைக் கட்டடங்களையும் நாமே சுற்றிப் பார்க்கலாம். பெரும்பாலோர் வீட்டோடு திரும்பிவிடுகிறார்கள். என் கருத்தில் அந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் பின்புறச் சரிவில் இருக்கும் கொட்டில்களுக்குப் போக வேண்டும். குதிரைக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தனித்தனியே கட்டிய தொழுவங்கள், குளிர்காலத்தில் பனிக்கட்டியை அறுத்துக் கோடைக்குச் சேமித்துவைத்த பனி அறை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே வாழ்ந்தவரைச் சரியான கோணத்தில் பார்க்க முடிகிறது. இவரைப் பண்பட்ட செனட்டராக, அதாவது காங்கிரஸின் மேலவை உறுப்பினராக, மட்டும் அறிந்துகொண்டு திரும்புபவர், அவர் எந்த மண்ணிலிருந்து பேசினார் என்பதைத் தவறவிடுவார்.

அந்த மண்ணின் கதை சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. மோரில் கடை நடத்திய காலத்தில் வெர்மான்ட் செம்மறி நாடாக இருந்தது. 1840-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநிலத்தில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் இருந்தன. மனிதர் தொகையைப் போல அது ஐந்து மடங்குக்கும் மேல். மெரினோ வகை ஆட்டின் கம்பளி நல்ல விலைக்குப் போனதால் குன்றுகளின் காட்டையெல்லாம் வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினார்கள். 1846-இல் இறக்குமதித் தீர்வை குறைக்கப்பட்டது, மேற்கே புதிய நிலங்களில் மலிவாக ஆடு வளர்க்க முடிந்தது, கம்பளி விலை விழுந்தது. மரம் இழந்த சரிவுகளில் மேல்மண் மழையோடு போய்விட்டது. உழவர் குடும்பங்கள் ஊரை விட்டுப் புறப்பட்டன. மோரில் வணிகத்தை விட்டுப் பண்ணையில் இறங்கியது இந்தச் சரிவின் நடுவில்தான். அதனால்தான் அவர் 1858-இல் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் அவையில் தம் நிலக்கொடை மசோதாவுக்காகப் பேசியபோது, கிழக்கு மாநிலங்களின் விளைச்சல் பத்தாண்டுக்குப் பத்தாண்டு குறைந்துவருவதையும், ஐரோப்பிய நாடுகள் வேளாண் பள்ளிகள் நிறுவி மண்ணைக் காத்துக்கொள்வதையும் எண்களோடு அடுக்கிக் காட்டினார். நிலம் தீர்ந்தால் அடுத்த நிலத்துக்குப் போகலாம் என்ற அமெரிக்கப் பழக்கத்தை, போவதற்கு இடமில்லாமல் நின்ற ஒரு குன்றுநாட்டு உழவர் கேள்வி கேட்டார்.

1854 தேர்தலில் விக் என்னும் அந்நாளைய கட்சியின் வேட்பாளராக மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்ற மோரில், வெகுவிரைவில் புதிதாகத் தோன்றிய குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். 1867 வரை பிரதிநிதிகள் அவையிலும், அதன்பின் 1898 டிசம்பர் 28 அன்று இறக்கும் வரை செனட்டிலும் இருந்தார். 1861-இன் சுங்கத் தீர்வைச் சட்டம் அவர் பெயரால் வழங்குகிறது; தலைநகரின் கட்டடங்கள் பலவற்றுக்கு, குறிப்பாகக் காங்கிரஸ் நூலகத்தின் பெரிய மாளிகைக்கு, அவர் தளராமல் பாடுபட்டார். இவை முக்கியமானவையே. ஆனாலும் இந்த இல்லத்துக்குப் போக வேண்டிய காரணம் 1862-இன் நிலக்கொடைச் சட்டம்.

அந்தச் சட்டத்தின் பயணம் எளிதாக இருக்கவில்லை. 1857 டிசம்பரில் மோரில் மசோதாவைக் கொண்டுவந்தார். இரு அவைகளும் குறுகிய பெரும்பான்மையில் நிறைவேற்றிய அதை 1859 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் புகேனன் நிராகரித்துத் திருப்பி அனுப்பினார். கல்வி மாநிலங்களின் பொறுப்பு என்பதும், மத்திய அரசின் கருவூலம் இழப்பைத் தாங்காது என்பதும் அவர் சொன்ன காரணங்களுள் சில. மோரில் விட்டுவிடவில்லை. உள்நாட்டுப் போர் மூண்டு, எதிர்த்து வாக்களித்த தென் மாநிலத்தவர் பலர் அவையை விட்டுப் போன பின், மசோதாவை மறுபடியும் கொண்டுவந்தார். படைக்கலைப் பயிற்சியும் கற்பிக்கப்பட வேண்டும் என்ற வரி சேர்ந்தது. செனட்டில் ஒஹாயோவின் பெஞ்சமின் வேட் அதை முன்னெடுத்தார். 1862 ஜூலை 2 அன்று லிங்கன் கையெழுத்திட்டார்.

சட்டத்தின் வாசகத்தைப் படித்துவிட்டுப் போகுமாறு ஒவ்வொரு பார்வையாளரையும் கேட்டுக்கொள்வேன், சில பக்கங்கள்தான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் செனட்டர், பிரதிநிதி ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் வீதம் மத்திய அரசுக்குரிய பொதுநிலம் தரப்படும். தம் எல்லைக்குள் பொதுநிலம் இல்லாத மாநிலங்களுக்கு, வேறிடத்தில் நிலம் பெறும் உரிமை தரும் நிலச் சீட்டு கிடைக்கும், அதை விற்றுக்கொள்ளலாம். இதுவரை அரசியல்வாதி எவரும் எழுதக்கூடியதுதான். அதற்கடுத்து வரும் நிபந்தனைகளில்தான் ஸ்ட்ராஃபோர்டின் கடைக்காரர் பேசுகிறார். விற்று வந்த பணம் 5 விழுக்காட்டுக்குக் குறையாத வட்டி தரும் பத்திரங்களில் இடப்பட வேண்டும். அந்த முதல்தொகை என்றென்றும் குறையக் கூடாது. குறைந்தால் மாநிலமே ஈடுசெய்ய வேண்டும். செலவுக்கு வட்டி மட்டுமே. கல்லூரி மனைக்கோ சோதனைப் பண்ணைக்கோ நிலம் வாங்க மட்டும் முதல்தொகையிலிருந்து 10 விழுக்காடு வரை எடுக்கலாம். கட்டடம் கட்டவோ பழுதுபார்க்கவோ ஒரு காசும் தொடக் கூடாது. 5 ஆண்டுக்குள் ஒரு கல்லூரியாவது நடத்திக் காட்ட வேண்டும். முதல்தொகையைத் தின்றவன் கடை நடத்த முடியாது என்று இளமையிலேயே கற்ற மனிதரின் கை இந்த வரிகளில் பதிந்திருக்கிறது. மாளிகை எழுப்பிப் பெயர் பொறித்துக்கொள்ள நினைக்கும் மாநில அரசியல்வாதிகளை அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார்.

கற்பிக்க வேண்டியதைச் சொல்லும் வரியும் அதே அளவு கவனத்தோடு எழுதப்பட்டது. வேளாண்மையும் இயந்திரக் கலைகளும் முதன்மையாக இருக்க வேண்டும். அதே சமயம் பிற அறிவியல்களையும் செவ்வியல் படிப்புகளையும் ஒதுக்கிவிடக் கூடாது. உழைக்கும் வகுப்பாருக்குத் தாராளமான கல்வியும் நடைமுறைக் கல்வியும் ஒருசேரக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். உழவன் மகனுக்கு உழவு மட்டும் போதும் என்று அவர் நினைக்கவில்லை. தொழிற்கல்வியையும் உயர்கல்வியையும் இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருக்கும் நம் நாட்டில் இந்த ஒரு வரியைப் பற்றியே நீண்ட விவாதம் நடந்திருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தின் பெருமை முழுவதையும் மோரிலுக்கே கொடுப்பது நியாயமாகாது. இல்லினாயில் ஜோனதன் பால்ட்வின் டர்னர் தொழிலாளர் பல்கலைக்கழகங்களுக்காக 1850-களின் தொடக்கத்திலிருந்தே பேசிவந்தார். வெர்மான்டிலேயே நார்விச் பல்கலைக்கழகத்தை நிறுவிய ஆல்டன் பார்ட்ரிட்ஜ், பொதுநிலத்தை விற்றுக் கல்வி நிறுவனங்களுக்குப் பணம் தரும்படி 1841-இல் காங்கிரஸுக்கு விண்ணப்பித்திருந்தார். நார்விச் ஊர் ஸ்ட்ராஃபோர்டுக்கு மிக அருகில் இருக்கிறது. எண்ணம் பலருடையது. அதை இரண்டு அவைகளிலும் கடத்தி, ஒருமுறை தோற்று, மீண்டும் கொண்டுவந்து சட்டமாக்கிய பொறுமை மோரிலுடையது.

இதைவிடக் கனமான ஒன்று வீட்டின் சுவர்களுக்குள் அடங்காது. அதை நாமே படித்து எடுத்துச் செல்ல வேண்டும். மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட பொதுநிலம் வெற்று நிலமாக இருந்ததில்லை. ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் ஏக்கர், சுமார் 250 பழங்குடி இனங்களிடமிருந்து, நேர்மையற்ற ஒப்பந்தங்களாலும் படைவலியாலும் எடுக்கப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் நிலத்துண்டு நிலத்துண்டாகத் தேடிக் கணக்கிட்டிருக்கிறார்கள். ரோட் ஐலண்ட் தன் சீட்டுகளை ஏக்கர் 50 சென்ட்டுக்கும் குறைவாக விற்றது. நியூயார்க்குக்குக் கிடைத்த சுமார் 9,90,000 ஏக்கர் சீட்டில் பெரும்பகுதியை எஸ்ரா கார்னெல் வாங்கி, விஸ்கான்சினின் பைன் காடுகளில் நிலமாக்கிக் காத்திருந்து விற்றதால் அவர் பெயரால் எழுந்த பல்கலைக்கழகம் பல மடங்கு பெற்றது. அந்தக் காடுகள் ஒஜிப்வே மக்களுடையவையாக இருந்தவை. தன் ஊர் மண் கரைவதைக் கண்டு துடித்தவர், தொலைவிலிருந்த வேறொரு மக்களின் மண்ணைக் கணக்கில் எழுதும்போது அதற்கு உரியவர்களை நினைத்தாரா என்ற கேள்வியை அந்த அழகிய தோட்டத்தில் நின்றபோதும் என்னால் ஒதுக்க முடியவில்லை. இந்தக் கேள்வியோடு போகிறவருக்கே இந்த வீடு முழுப் பயன் தரும்.

1890-இல், 80 வயதில், மோரில் இரண்டாவது சட்டத்தைக் கொண்டுவந்தார். கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் மத்திய அரசின் பணம், முதலாண்டில் 15,000 டாலரில் தொடங்கி ஆண்டுக்கு 1,000 கூடி 25,000 டாலர் வரை, அந்தச் சட்டத்தால்தான் வந்தது. நிற வேறுபாட்டால் சேர்க்கை மறுக்கும் கல்லூரிக்குப் பணம் இல்லை என்று அது கூறியது. கறுப்பின மாணவருக்குத் தனிக் கல்லூரி நடத்திப் பணத்தை நியாயமாகப் பகிர்ந்தால் போதும் என்று வழியும் விட்டது. தென் மாநிலங்கள் அந்த வழியில் நுழைந்துகொண்டு, பகிர்வில் நியாயத்தை மறந்தன. ஆனாலும் அந்தச் சட்டத்தின் பெயரால் இன்று 19 கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் நிற்கின்றன. முதல் சட்டத்தைவிட இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அறிய விரும்புவோர் வழிகாட்டியிடம் கேட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.

நமக்கு நேரடியான தொடர்பும் உண்டு. இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் 1960-இல் பந்த்நகரில் தொடங்கியபோது, நிலக்கொடைப் பல்கலைக்கழகமான இல்லினாய் அதற்குத் துணை நின்றது. வகுப்பறை, ஆய்வுப் பண்ணை, உழவரிடம் செல்லும் விரிவாக்கப் பணி என்ற மூன்றையும் ஒரே நிறுவனத்துக்குள் வைக்கும் அமைப்பு அங்கிருந்துதான் இந்தியாவின் வேளாண் பல்கலைக்கழகங்களுக்கு வந்தது. சைதாப்பேட்டையில் தொடங்கி 1906-இல் கோவைக்குப் போன வேளாண் கல்லூரி, 1971-இல் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமாக வளர்ந்தபோது அதே அமைப்பைத்தான் ஏற்றது. ஆய்வு நிலையங்கள் 1887-இன் ஹேட்ச் சட்டத்தாலும், விரிவாக்கம் 1914-இன் ஸ்மித்-லீவர் சட்டத்தாலும் அமெரிக்காவில் பின்னால் சேர்ந்தவை என்றாலும், இரண்டும் ஊன்றப்பட்ட இடம் மோரிலின் கல்லூரிகளே. கோவையில் படித்து மேற்படிப்புக்கு அங்கே போகும் மாணவர், தெரிந்தோ தெரியாமலோ, இந்த வீட்டுக்காரரின் சட்டம் வடித்த அமைப்பில் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குத்தான் நடக்கிறார்.

இனி நடைமுறை. இல்லம் கோடை தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை, வாரத்தில் சில நாட்கள் மட்டுமே திறந்திருக்கும். புறப்படும் முன் அந்த ஆண்டின் நாட்களையும் நேரத்தையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பாஸ்டனிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். சொந்தக் காரோ வாடகைக் காரோ இல்லாமல் போவது கடினம். தெற்கு ஸ்ட்ராஃபோர்ட் வரை 132-ஆம் எண் சாலையில் வந்து, அங்கிருந்து வடக்கே திரும்பினால் மோரில் பெயரிலேயே உள்ள சாலை ஊருக்குள் கொண்டுவிடும். ஊரில் கடைகளும் உணவகங்களும் மிகக் குறைவு; சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது நல்லது, குறிப்பாகச் சைவ உணவு உண்பவர்கள். சிறு பிள்ளைகளுக்கு அறைகள் சலிப்புத் தரலாம், தோட்டமும் கொட்டில்களும் தராது. முதியவர்கள் பின்புறச் சரிவில் மெதுவாக ஏற வேண்டியிருக்கும். நுழைவுக் கட்டணம் சிறியது. அதற்குக் கிடைப்பது மிகப் பெரிது.

வீடு, தோட்டம், கொட்டில்கள், குன்றின் மேலுள்ள பொதுமன்றம் ஆகியவற்றுக்கு அரைநாள் ஒதுக்கலாம். இலையுதிர் நிறம் பார்க்க வருபவர்கள் செப்டம்பர் இறுதியில் வந்தால் இல்லமும் திறந்திருக்கும், காடும் சிவந்திருக்கும். அந்த வாரங்களில் அருகிலுள்ள ஹானோவரிலும் நார்விச்சிலும் தங்கும் விடுதிகளுக்கு முன்பதிவு கட்டாயம். மறுநாள் நேரம் இருந்தால் பர்லிங்டனுக்குப் போகலாம். 1865-இல் மாநில வேளாண் கல்லூரியோடு இணைந்த வெர்மான்ட் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. ஸ்ட்ராஃபோர்டில் எழுத்தாகப் படித்த சட்டத்தை, அவருடைய சொந்த மாநிலத்தில் மாணவர்கள் நிறைந்த கட்டடங்களாக அங்கே பார்க்கலாம்.